எலி, முயல், கறுப்புப் பூனை: பெரியவர்களுக்கான விலங்கு காமிக்ஸை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: டிஸ்னியைத் தாண்டி, மனிதர்களைப் போல உடுத்தி, நடந்து, பேசுகிற விலங்குகளை வைத்து வந்த காமிக்ஸில், வளர்ந்த ஒருவர் உட்கார்ந்து படிக்கிற தரத்தில் என்னென்ன இருக்கின்றன, அதில் எதையாவது வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளையிடமும் கொடுக்கலாமா?

நிறைய இருக்கின்றன. குப்பையும் நிறைய இருக்கிறது, அதனால் வடிகட்டுவதற்கு நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இவர்கள் ஏன் மிருகங்களாக இருக்க வேண்டும்? முகத்தை மட்டும் மனித முகமாக மாற்றி வரைந்தால் கதையில் ஏதாவது கெட்டுப்போகுமா? ஒன்றும் கெடாது என்றால் அது வெறும் வேஷம், பெரும்பாலும் படிக்க வேண்டியதில்லை. நல்ல புத்தகங்கள் ஒவ்வொன்றும் இதற்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கின்றன. ஒரே ஒரு புத்தகம் பதிலே சொல்லாமல் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பூந்தளிர் படித்து வளர்ந்தவர்களுக்குக் கபீஷ் குரங்கும் காக்கை காளியும் பழக்கம், அதற்கும் முன்னால் பஞ்சதந்திரம். அதனாலேயே பேசும் விலங்கு என்றால் சின்னப்பிள்ளை சமாச்சாரம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பஞ்சதந்திரமே படிப்பு ஏறாத ராஜகுமாரர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்கக் கட்டிய கதை என்றுதான் அதன் முன்கதை சொல்கிறது. நட்பைப் பிரிப்பது எப்படி, எதிரியை நம்ப வைப்பது எப்படி என்று உள்ளே ஒரே சூதுதான். அந்த மனநிலையோடு வந்தீர்கள் என்றால் கீழே சொல்கிற எதுவும் அந்நியமாகத் தெரியாது. எல்லாவற்றையும் ஆங்கிலப் பதிப்பை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் 'மவுஸ்'. ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்தது, தேடும்போது எம், ஏ, யூ, எஸ் என்று ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். 1972இல் மூன்றே பக்கக் கதையாகத் தொடங்கி, 1980 முதல் 1991 வரை 'ரா' என்ற இதழில் தொடராக வந்து, முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் புத்தகமானது. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது. ஆஷ்விட்ஸ் நாஜி வதை முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய தன் அப்பா விளாடெக்கை மகன் பேட்டி எடுக்கிறான், அதுதான் கதை. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள், அமெரிக்கர்கள் நாய்கள்.

இதைக் கேட்டவுடன் 'ஓ, உருவகம்' என்று தலையாட்டத் தோன்றும். ஸ்பீகல்மேனின் சாமர்த்தியம் அந்த உருவகத்தைப் போட்டதில் இல்லை, அதை அவரே உட்கார்ந்து பிய்த்துப் போடுவதில் இருக்கிறது. யூதர்களைப் பூச்சி, எலி என்று சொல்லிச் சொல்லித்தான் நாஜிகள் கொன்றார்கள். அந்த வசவை அப்படியே எடுத்துப் படமாகப் போட்டுவிட்டு, அது எவ்வளவு பொய் என்று பக்கத்துக்குப் பக்கம் காட்டுகிறார். யூதர் ஒருவர் போலந்துக்காரராக நடித்துத் தெருவில் போகும்போது எலி முகத்தின் மேல் பன்றி முகமூடி கட்டியிருக்கும், பின்னால் நூல் தெரியும். நிலவறையில் ஒளிந்திருக்கும்போது அம்மா ஆன்யா பெருச்சாளியைப் பார்த்துப் பயப்படுகிறாள், விளாடெக் அது சுண்டெலிதான் என்று சொல்லிச் சமாதானப்படுத்துகிறார். அந்தப் பெருச்சாளி மட்டும் நிஜப் பெருச்சாளியாகவே வரையப்பட்டிருக்கிறது. இரண்டாம் பாகத்தில் ஓரிடத்தில் ஸ்பீகல்மேன் தன்னையே மனிதனாக, எலி முகமூடி கட்டியவனாக, பிணக்குவியலுக்கு மேல் மேசை போட்டு உட்கார்ந்து வரைகிறவனாகக் காட்டுகிறார். மனநல மருத்துவரைப் பார்க்கப் போனால் அந்த வீட்டில் நாயும் பூனையும் நிறைய. இதைச் சொன்னால் என் உருவகம் கெட்டுவிடுமே என்று படத்திலேயே புலம்புகிறார்.

போலந்துக்காரர்களைப் பன்றியாக வரைந்தது அங்கே பெரிய கோபத்தைக் கிளப்பியது, அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு மாவட்டப் பள்ளி வாரியம், சில கெட்ட வார்த்தைகளையும் ஒரு நிர்வாணச் சித்திரத்தையும் காரணம் காட்டி, எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து இதை எடுத்துவிட்டது. உடனே விற்பனை எகிறியது. இன்னொன்று, இது ஆஷ்விட்ஸ் பற்றிய புத்தகம் என்பதைவிட, கஞ்சப்பிசுனாரியான, நச்சரிக்கிற, கறுப்பர்களைப் பார்த்தால் முகம் சுளிக்கிற ஒரு கிழவரோடு மகன் படும் பாடு பற்றிய புத்தகம் என்றுதான் எனக்குத் தோன்றும். துன்பப்பட்டவர்கள் எல்லாம் உத்தமர்களாகி வெளியே வருவதில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன காமிக்ஸ் குறைவு.

அடுத்தது 'பிளாக்சாட்'. எழுதியவர் ஹுவான் டியாஸ் கனாலெஸ், வரைந்தவர் ஹுவான்ஹோ குவார்னிடோ, இருவரும் ஸ்பெயின்காரர்கள், ஆனால் தொடர் பிறந்தது பிரான்ஸில், 2000ஆம் ஆண்டு. 1950களின் அமெரிக்கா, மழைக்கோட்டு போட்ட தனியார் துப்பறிவாளர், அவர் ஒரு கறுப்புப் பூனை. கதை என்று பார்த்தால் பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில் பார்த்த சங்கதிதான், கொலையாளி யார் என்று பாதியிலேயே தெரிந்துவிடும். வாங்க வேண்டியது படத்துக்காக. குவார்னிடோ பாரிஸில் டிஸ்னியின் அனிமேஷன் கூடத்தில் வேலை பார்த்தவர், 1999இல் வந்த டார்ஜான் படத்தில் சிறுத்தையை உயிர்ப்பித்தவர். அந்தக் கைப்பழக்கம் ஒவ்வொரு கட்டத்திலும் தெரியும். கமிஷனர் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் என்றால் தொப்பிக்குக் கீழே காது இறங்கும் விதத்திலேயே அந்த ஆளின் அலுப்பு தெரியும். வண்ணமெல்லாம் கையால் தீட்டிய நீர்வண்ணம்.

இங்கே மிருகம் எதற்கு? நடிகர் தேர்வுக்கு. பல்லி முகத்தோடு ஒருத்தன் கதவோரம் நின்றால் அறிமுகமே வேண்டாம். முதல் மூன்று கதைகளும் ஒரே தொகுப்பாக ஆங்கிலத்தில் 2010இல் வந்தன, அதை வாங்குங்கள். இரண்டாவது கதையான 'ஆர்க்டிக் நேஷன்' இருப்பதில் சிறந்தது: வெள்ளை ரோமம் உள்ள விலங்குகள் சேர்ந்து ஒரு வெறிக்கூட்டம் கட்டியிருக்கின்றன, பனிக்கரடி, பனிநரி எல்லாம் ஒரு பக்கம், நம்ம ஆள் கறுப்பு, ஆனால் மூக்குக்குக் கீழே வெள்ளை. நிறவெறியை மனிதர்களை வைத்துச் சொன்னால் பிரசங்கமாகிவிடக்கூடிய இடம், இதில் ரோமத்தின் நிறம் என்றதும் அதன் அபத்தம் தானாகவே கண்ணில் படுகிறது. மூன்றாவது கதை அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலம், ஆந்தை ஒருவர் அணு விஞ்ஞானி. ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்: ஆண்கள் முழு மிருகமாக இருக்க, பெண்கள் மட்டும் மனித உடம்பில் பூனைக்காது ஒட்டவைத்த மாதிரி இருப்பார்கள். பலரும் சொல்லி அலுத்துப்போன விஷயம், ஆனாலும் உண்மை.

சரி, பதில் சொல்லாத புத்தகம். 'உசாகி யோஜிம்போ'. ஸ்டான் சகாய், ஜப்பானின் கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர், 1984இலிருந்து இன்றுவரை எழுதி, வரைந்து, எழுத்துகளையும் தன் கையாலேயே இட்டு வருகிறார். பதினேழாம் நூற்றாண்டு ஜப்பான், எஜமானை இழந்து ஊர் ஊராகத் திரியும் ஒரு சாமுராய் முயல். மியாமோட்டோ முசாஷி என்ற நிஜ வாள்வீரரை வைத்துத் தொடர் செய்ய நினைத்திருந்தவர், ஒருநாள் கிறுக்கிக்கொண்டிருந்தபோது முயலின் இரண்டு காதுகளையும் சேர்த்து சாமுராய் குடுமி போலக் கட்டிப் பார்த்தாராம், அழகாக இருந்ததாம், அவ்வளவுதான். வேறு தத்துவம் கிடையாது. காண்டாமிருகம் கூலி வீரன், பூனை பெண் சாமுராய், பாண்டா குட்டி ஒரு சிற்றரசன், நரி ஒரு கைதேர்ந்த திருடி. எல்லோரையும் மனிதராக்கினாலும் கதை நகரும். என் கேள்வியை வைத்துப் பார்த்தால் இது தோற்க வேண்டும். ஆனால் யாராவது ஒரே ஒரு தொடரைச் சொல் என்று கழுத்தில் கத்தி வைத்தால் நான் சொல்வது இதைத்தான்.

ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாள்சண்டைக் கதையில் நாற்பது பேர் சாவார்கள், மனித முகத்தோடு வரைந்தால் அது இரத்தக் களரி. சகாய் வரைந்தால் விழுகிறவன் வாயருகே சின்ன மண்டையோட்டுக் குமிழி ஒன்று தோன்றும், முடிந்தது. அதே புத்தகத்தில் ஒரு குடியானவத் தாயின் துக்கத்தையும் அவரால் அதே கோட்டில் வரைய முடிகிறது. சிறுவர்களுக்கும் கொடுக்கலாம், நமக்கும் சலிக்காது என்கிற அந்த நடுப்பாதையை முயல் முகம்தான் திறந்துவிடுகிறது போலிருக்கிறது. அதற்கு மேல் அவர் தேடிப்பிடித்துச் சேர்க்கும் விவரங்கள் இருக்கின்றன: பட்டம் கட்டுவது எப்படி, வாள் அடிப்பது எப்படி, கடற்பாசி அறுவடை எப்படி என்று ஒரு தொழிலையே எடுத்துக்கொண்டு சில கதைகள் போகும். பெரிய கதை வேண்டுமென்றால் 'கிராஸ்கட்டர்', தொகுப்பில் பன்னிரண்டாம் புத்தகம், 1999இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது வாங்கியது. ஜப்பானிய அரச குலத்தின் மூன்று புனிதப் பொருள்களில் ஒன்றான வாள், 1185இல் டான்னோஉரா கடற்போரில் குழந்தைச் சக்கரவர்த்தியோடு சேர்ந்து மூழ்கியது; அது மறுபடி கரைக்கு வந்தால் என்ன ஆகும் என்பது கதை. ஆனால் அங்கே தொடங்காதீர்கள். முதல் புத்தகத்தின் படங்கள் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொண்டு மூன்றாம் புத்தகம் வரை போனால் அப்புறம் நிறுத்த மாட்டீர்கள்.

ஜப்பானிலிருந்து 'பீஸ்டார்ஸ்', பாரு இடாகாகி, 2016 முதல் 2020 வரை, மொத்தம் 22 புத்தகங்கள். நான் கேட்கும் கேள்விக்கு மிக நேரான பதில் இதில்தான். ஊனுண்ணிகளும் தாவர உண்ணிகளும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், இறைச்சி தின்பது சட்டப்படி குற்றம், நகரத்தின் பின்பக்கத்தில் கள்ளச்சந்தை. ஓர் அல்பாக்கா மாணவன் கொல்லப்பட்டுத் தின்னப்பட்டிருக்கிறான் என்பதில் கதை தொடங்குகிறது. கூச்ச சுபாவமுள்ள சாம்பல் ஓநாய் லெகோஷிக்கு ஹாரு என்ற குள்ள முயல்மீது ஈர்ப்பு, அது காதலா பசியா என்று அவனுக்கே தெரியவில்லை. மனிதர்களை வைத்து இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. மங்கா என்கிற ஜப்பானிய காமிக்ஸுக்கான மங்கா தைஷோ விருதை 2018இல் வாங்கியது. ஆசிரியர் பொது இடங்களில் கோழித் தலை முகமூடி போட்டுக்கொண்டு வருவார், அது வேறு. முதல் பதினொன்று பன்னிரண்டு புத்தகங்கள் அபாரம், அப்புறம் சண்டை மங்காவாக மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிகிறது, கடைசி இரண்டை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் முடித்தேன்.

நார்வேக்காரர் ஜேசன் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை, இந்த வகைப் பட்டியல்களில் பலரும் விட்டுவிடுவார்கள். நாய்த்தலை, பறவைத்தலை மனிதர்கள், கண்ணில் கருவிழி கிடையாது, முகத்தில் எந்த உணர்ச்சியும் தெரியாது, பேச்சும் குறைவு. 'ஐ கில்ட் அடால்ஃப் ஹிட்லர்' என்ற புத்தகத்தில் ஒரு கூலிக் கொலைகாரனைக் கால இயந்திரத்தில் ஏற்றி ஹிட்லரைக் கொல்ல அனுப்புகிறார்கள்; ஹிட்லர் அதே இயந்திரத்தில் ஏறி நிகழ்காலத்துக்கு வந்துவிடுகிறான், கொலைகாரன் வேறு வழியில்லாமல் நடுவில் உள்ள வருடங்களை எல்லாம் வாழ்ந்தே திரும்பி வந்து சேர்கிறான். ஐம்பது பக்கம்கூட இல்லை. சிரித்துக்கொண்டே படிப்பீர்கள், ஆனால் அடியில் ஓடுவது ஒரு காதல் கதை. 'தி லெஃப்ட் பேங்க் கேங்' இன்னும் வேடிக்கை: 1920களின் பாரிஸ், ஹெமிங்வே, ஃபிட்ஸ்ஜெரால்டு, ஜாய்ஸ், எஸ்ரா பவுண்டு என்று நிஜ எழுத்தாளர்கள் எல்லோரும் இதில் காமிக்ஸ் வரைகிறவர்கள், பிழைப்பு ஓடவில்லை, கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். முகத்தில் எதுவும் எழுதியிராததால் துக்கத்தை நாம்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது, மிருக முகத்தை இப்படியும் பயன்படுத்தலாம் என்று இவரிடம்தான் பார்த்தேன்.

சுருக்கமாக இன்னும் சில. பிரையன் டால்பட்டின் 'கிராண்ட்வில்', 2009 முதல் 2017 வரை ஐந்து புத்தகங்கள். நெப்போலியன் ஜெயித்துவிட்ட மாற்று வரலாறு, ஸ்காட்லாந்து யார்டு ஆய்வாளர் ஒரு தடித்த பேட்ஜர் (வளைக்கரடி), மனிதர்கள் அங்கே கீழ்ச்சாதி. நீராவி இயந்திரம், துப்பாக்கி, சதி என்று விறுவிறுப்பு. பிரெஞ்சில் ஸ்ஃபாரும் ட்ரோண்ட்ஹைமும் சேர்ந்து 1998இல் தொடங்கிய 'டஞ்சன்', ஹெர்பர்ட் என்ற வாத்தும் மார்வின் என்ற டிராகனும்; ஒரு கோட்டையின் பிறப்பு, உச்சம், வீழ்ச்சி என மூன்று காலத்திலும் ஒரே நேரத்தில் ஓடும் தொடர், நகைச்சுவை என்று நினைத்து உள்ளே போனால் திடீரென்று வயிற்றைப் பிசையும். அப்புறம் 'அனிமல் கேசில்', 2019இல் பிரெஞ்சில் வந்தது, சாவியே டோரிசான் கதை, ஃபெலிக்ஸ் டெலெப் படம். பண்ணையை ஒரு காளை சர்வாதிகாரியாக ஆள்கிறது, ஒரு பூனைத் தாயும் முயலும் எலியும் சேர்ந்து அகிம்சை வழியில் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். காந்தியின் நிழல் கதை முழுக்க விழுந்திருக்கிறது, நமக்குத் தெரிந்த சத்தியாக்கிரகத்தை ஒரு பிரெஞ்சுப் பண்ணையில் பார்ப்பது விநோதமாகவும் நன்றாகவும் இருக்கிறது.

நாலு காலில் நடக்கும் நிஜ விலங்குகள் பேசினால் போதும் என்றால் 'பிரைட் ஆஃப் பாக்தாத்', 2006. 2003 ஏப்ரலில் அமெரிக்கக் குண்டுவீச்சின்போது பாக்தாத் விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பிய நான்கு சிங்கங்களை அமெரிக்கச் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள், அந்தச் செய்தியிலிருந்து பிரையன் வான் கட்டிய கதை. முடிவு தெரிந்தே படிக்கிறோம், இருந்தும் கடைசிப் பக்கங்கள் அடிக்கும்.

பரிந்துரைக்காததையும் சொல்லிவிடுகிறேன். 'செரிபஸ்' என்று ஓர் ஆர்ட்வார்க்கை (எறும்பு தின்னும் ஆப்பிரிக்க விலங்கு) வைத்து 1977 முதல் 2004 வரை 300 இதழ்கள் வந்தன, தனி மனிதர் ஒருவரின் பிடிவாதத்துக்கு அது பெரிய சாட்சிதான், ஆனால் நடுவழியில் ஆசிரியரின் பெண்வெறுப்பு கதையையே விழுங்கிவிடும். முழுவதும் படிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

டிஸ்னி தாண்டி என்று கேட்டிருந்தாலும் ஒரு விதிவிலக்கு. வாத்துக் கதைகளில் கார்ல் பார்க்ஸ் எழுதி வரைந்தவை தனி ரகம். பணக்கார வாத்து அங்கிள் ஸ்க்ரூஜை 1947இல் உருவாக்கியவர் அவர்தான். இதழில் அவர் பெயரே போட மாட்டார்கள், வாசகர்கள் 'அந்த நல்ல வாத்துக்காரர்' என்று கோட்டை வைத்தே அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். பார்க்ஸின் கதைகளில் அங்கங்கே சிதறிக் கிடந்த துணுக்குகளையெல்லாம் கோத்து, டான் ரோசா 1992 முதல் 1994 வரை 12 அத்தியாயங்களில் ஸ்க்ரூஜின் முழு வாழ்க்கை வரலாற்றை எழுதினார்: கிளாஸ்கோவில் செருப்புக்குப் பாலிஷ் போட்ட பையன், முதல் கூலியாகக் கிடைத்தது அந்த ஊரில் செல்லாத அமெரிக்கக் காசு. பணம் சேரச் சேர மனிதன், மன்னிக்கவும், வாத்து எப்படித் தனியாகிறான் என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன புத்தகம் பெரியவர்கள் பகுதியிலும் அதிகம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையோடு சேர்ந்து படிக்க என் முதல் தேர்வு இது.

பிள்ளைக்கு அடுத்தது டேவிட் பீட்டர்சனின் 'மவுஸ் கார்ட்', 'ஃபால் 1152' என்ற முதல் தொகுப்பு. சதுர வடிவப் புத்தகம், வாளேந்திய சுண்டெலிகள், ஆனால் அளவு நிஜச் சுண்டெலி அளவுதான், அதனால் ஒரு நண்டு வந்தாலே அது அரக்கன். எலிகளுக்குள் ஆளுக்கு ஆள் பேச்சில் வித்தியாசம் இல்லை என்பது எனக்குக் குறை, பிள்ளைகள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆங்கிலம் இன்னும் சரளமாகவில்லை என்றால் ஆண்டி ரண்டனின் 'ஆவ்லி', ஒரு சின்ன ஆந்தையின் கதை, பழைய கறுப்பு வெள்ளைப் பதிப்பில் சொற்களே கிடையாது, குமிழிக்குள்ளும் படம்தான். பின்னால் வந்த வண்ணப் பதிப்பில் வசனம் சேர்த்துவிட்டார்கள், எனக்குப் பழையதுதான் பிடிக்கும்.

ஓர் எச்சரிக்கை, விலங்குப் படம் போட்டிருக்கிறதே என்று அட்டையை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பிளாக்சாடிலும் பீஸ்டார்ஸிலும் பாலுறவும் கொலையும் உண்டு. நாய், பூனை, முயல் மூன்றையும் இராணுவக் கவசத்துக்குள் பூட்டிய 'வீ த்ரீ' என்ற 2004ஆம் ஆண்டுக் கதை அற்புதமானது, ஆனால் அதில் சிதறாத உடம்பே இல்லை. மவுஸை பதின்மூன்று பதினான்கு வயதில், பக்கத்தில் நீங்கள் இருக்க, கொடுக்கலாம்.

லயன் காமிக்ஸ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு துணுக்கு: தமிழில் நமக்கு நன்றாகத் தெரிந்த சிக் பில் என்ற கௌபாய் தொடரின் குழுவே தொடக்கத்தில் விலங்குகளாகத்தான் இருந்தது. பெல்ஜியத்தில் 1950களில் டிபெட் என்ற ஓவியர் அதை விலங்கு முகங்களோடு தொடங்கி, சீக்கிரமே எல்லோரையும் மனிதர்களாக மாற்றிவிட்டார். ஷெரீஃபின் பெயர் டாக்புல் என்பதை இப்போது இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

வாங்கும் செலவு பற்றி. பிளாக்சாடும் கிராண்ட்வில்லும் பெரிய அளவில் கெட்டி அட்டையில் வருவதால் விலை அதிகம், ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மவுஸ் இரண்டு பாகமும் சேர்ந்து ஒரே புத்தகமாகவும் வருகிறது, தனித்தனியாக வாங்க வேண்டாம். காசே செலவழிக்காமல் ருசி பார்க்க வேண்டும் என்றால் ட்ரேசி பட்லரின் 'லாக்கடெய்சி' இணையத்தில் இலவசம்: 2006இல் தொடங்கியது, மதுவிலக்குக் காலத்து செயின்ட் லூயிஸ் நகரில் கள்ளச் சாராயம் கடத்தும் பூனைகள், ஒவ்வொரு பக்கமும் பழுப்பு நிறத்தில் பழைய புகைப்படத்தின் சாயலோடு இருக்கும். மெதுவாகத்தான் புதுப் பக்கங்கள் வரும், ஆனால் ஏற்கெனவே இருப்பதே ஒரு வார இறுதிக்குக் காணும்.